பால் கொட்டகையில் ஒரு வாழைப்பழத் தோல்

செவ்வாய்க்கிழமை, காலை மணி 10.40.

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோலா சிலாங்கூர் போகும் சாலையில் இருக்கிறது பதினாறாங்கட்டை ரப்பர் தோட்டம். ரப்பர் பாலை நிறுக்கும் அதன் பால் கொட்டகைக்குள், வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் உடையப்பன் நுழைந்தார். பால் எடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று அங்கே தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டி அறிவிப்பது அவர் வேலை. அன்று அவர் தட்டவில்லை. சிமெண்டுத் தரையில் வேலம்மா மல்லாந்து கிடந்தாள். தராசு நிற்கும் மேடையின் விளிம்பில் ரத்தம். இடது குதிகாலுக்குக் கீழே ஒரு வாழைப்பழத் தோல்.

உடையப்பன் போட்ட கூச்சலில் பக்கத்து மர நிரைகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் ஓடி வந்தார்கள். 10.50-க்கு வெளிக்காட்டுக் கிராணி பெர்னாட்டின் மோட்டார் சைக்கிளும் வந்து நின்றது. வெளிக்காட்டுக் கிராணி என்றால் தோட்டத்தில் துரைக்கு அடுத்த ஆள். யாருக்கு எந்த நிரை, யாருக்கு நாளைக்கு வேலை இல்லை என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும். அவர் பிணத்தைப் பார்த்தார். தோலைப் பார்த்தார்.

“நேத்துப் படத்துல பார்த்தோமே, அதே மாதிரிலா” என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் அரசாங்கத்தின் படம் காட்டும் லோரி வந்திருந்தது. காட்டில் இருக்கும் பயங்கரவாதிகளுக்கு உதவாதீர்கள் என்று முக்கால் மணி நேரம் புத்தி சொல்லிவிட்டு, கடைசியில் பத்து நிமிஷம் ஒரு பொம்மைப் படம் போட்டார்கள். தொப்பி வைத்த குண்டன் ஒருவன் வாழைப்பழத் தோலில் கால் வைக்கிறான், அந்தரத்தில் பறக்கிறான், பின்மண்டை அடிபட விழுகிறான். தலையைச் சுற்றி நட்சத்திரங்கள். எழுந்து தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு நடக்கிறான், மறுபடியும் விழுகிறான். தோட்டமே வயிறு வலிக்கச் சிரித்தது. வேலம்மாவும் மகளை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

இப்போது அவள் எழுந்திருக்கவில்லை. ஒரு பெண் மண்டை உடைந்து செத்துக் கிடக்கிறாள், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்க அந்தக் கொட்டகையில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கிராணி சிரிக்கச் சொன்னால் சிரித்துப் பழகியவர்கள் அவர்கள்.

மணி 12.15.

டவுனிலிருந்து இன்ஸ்பெக்டர் அந்தோனி ஜீப்பில் வந்து இறங்கினார். கொட்டகையைப் பார்த்தார், பிணத்தை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகச் சொன்னார், தோலைக் காகிதத்தில் எடுத்துக்கொண்டார். அவர் மீசைக்குள்ளும் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கத்தான் செய்தது. அது பாதியில் நின்றது.

“வாழைப்பழம் எப்படி வெளியே வந்தது?” என்று கேட்டார்.

அது 1952. மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவித்த அவசரகாலம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி ஆளுயர முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். ரப்பர் மரங்களும் பால் கொட்டகையும் அதற்கு வெளியே. அந்தக் கேட்டைத் தாண்டி மரம் வெட்ட, அதாவது பட்டையைக் கீறிப் பால் வடிக்க, போகிறவர்கள் ஒரு பருக்கை சோறு கொண்டு போகக்கூடாது. ரொட்டி கூடாது, பழம் கூடாது, காப்பியில் சீனி கூடாது. வெளியே போகிற சாப்பாடு காட்டுக்குள் இருப்பவர்கள் வயிற்றுக்குப் போய்விடுமாம். அதனால் விடிகாலையில் மரத்தடிக்குப் போகிறவள் மதியம் வீடு திரும்பும் வரை பட்டினி. அகப்பட்டால் விசாரணை இல்லாத சிறை. இந்தியாவில் பிறந்தவர்களாக இருந்தால் குடும்பத்தோடு கப்பல்.

இன்ஸ்பெக்டருக்குக் கணக்கு சுலபமாகப் போட வந்தது. வேலம்மா பழம் கடத்தினாள். ஒன்றைத் தானே தின்றாள், மீதியைக் காட்டுக்குக் கொடுத்தாள், தன் தோலில் தானே வழுக்கி விழுந்தாள். அவள் புருஷன் நல்லசாமி ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூண்டில் வேலை செய்கிறவன். ஏழு வயதில் நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தவன். லயத்துக்குப் பின்னால் அவனுக்கு இரண்டு வாழை மரங்கள் இருந்தன. தோட்டத்தில் யாருக்குத்தான் இல்லை? ஆனாலும் அவன் கையில் விலங்கு போட்டு ஆபீஸ் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். மாலை ஐந்து மணி லோரியில் டவுனுக்கு. அங்கிருந்து எங்கே என்பது அவனுக்கும் அவன் நாலு வயது மகளுக்கும் தெரிய வேண்டிய நாளில் சொல்வார்களாம்.

பெண்டாட்டியின் பிணத்தைக்கூட அவனுக்குக் காட்டவில்லை.

மணி 1.05.

அடுத்து அழைக்கப்பட்டவள் கான்ஸ்டன்ஸ். நாற்பத்திரண்டு வயது. கேட்டில் பெண்களைச் சோதிக்க வைக்கப்பட்டிருந்தவள். தினம் விடிகாலையில் நாற்பத்து மூன்று பெண்களின் கொண்டையை அவிழ்த்து, முந்தானையை உதறி, இடுப்பைத் தடவிப் பார்ப்பது அவள் பிழைப்பு. அந்தப் பெண்களுக்கு அவளைப் பிடிக்காது. அவளுக்கும் அந்த வேலையைப் பிடிக்காது. ஆனால் அவள் கையில் படாமல் ஒரு உளுந்துகூட வெளியே போனதில்லை.

“காலையில வேலம்மாவைச் சோதிச்சியா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“சோதிச்சேன் ஐயா.”

“எங்கெங்க?”

“கொண்டை, முந்தானை, மடி, கால்துணி, காப்பி போத்தல். காப்பியை நாக்குல விட்டும் பார்த்தேன். சீனி இல்ல.”

“அப்போ பழம் எப்படிப் போச்சு?”

“அவ கொண்டு போகல.”

“பின்ன யாரு?”

“தெரியல. ஆனா அவ இல்ல.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். ஒன்று அவள் சரியாகச் சோதிக்கவில்லை, அல்லது தெரிந்தே விட்டிருக்கிறாள், இரண்டில் எதுவானாலும் ஐந்து மணி லோரியில் அவளுக்கும் இடம் உண்டு என்றார். கான்ஸ்டன்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. ஐந்து மணி வரைக்கும் வேலிக்குள் நடமாட விடுங்கள், நான் ஓடிப்போக மாட்டேன் என்றாள். வேலியைத் தாண்டி எங்கே ஓடுவது? சரி என்றார்.

வெளித் தாழ்வாரத்தில் கேட்டைக் காவல் காக்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். கேட்டில் ஆண்களைச் சோதிக்கும் இருசப்பன் ஒரு காலைத் தூக்கி, கைகளை விரித்து, குண்டன் வழுக்கியதையும் வேலம்மா வழுக்கியதையும் மாற்றி மாற்றி நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் நல்லசாமி இருந்தான்.

“இருசப்பா, உன் பொண்டாட்டி செத்தா நான் இப்படி ஆடிக் காட்டட்டுமா?” என்றாள் கான்ஸ்டன்ஸ்.

அவன் காலைக் கீழே வைத்தான்.

மணி 1.30.

தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது ஆறு கட்டிலும் ஒரு மருந்து அலமாரியும்தான். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெஸர் ஹியூபர்ட் மேசையில் வெள்ளை மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். கிராணிக்கு வயிற்றுப் புண்ணாம். மருந்தைவிடப் பத்தியம் முக்கியம், வயிற்றைக் காயப் போடாமல் பத்து மணிக்கு எதையாவது உள்ளே தள்ள வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேன் என்று அலுத்துக்கொண்டார். மரம் வெட்டுகிறவர்களுக்கு மட்டும் வயிறு காயாதா என்று கான்ஸ்டன்ஸ் கேட்டதற்கு அவர் கரண்டியை இன்னும் வேகமாகச் சுழற்றினார்.

வேலம்மாவை மூடியிருந்த துணியைக் கான்ஸ்டன்ஸ் காலடியில் மட்டும் விலக்கினாள். விடிகாலையில் நல்ல மழை. அது விட்டு ஏழேகாலுக்குத்தான் மரம் வெட்ட ஆரம்பித்தார்கள். செருப்பில்லாத பாதங்களில் செம்மண் அப்பிக் காய்ந்து போயிருந்தது. இடது குதிகாலிலும் அது கலையாமல் முழுசாக ஒட்டியிருந்தது. கான்ஸ்டன்ஸ் குனிந்து முகர்ந்துகூடப் பார்த்தாள். வெறும் மண் வாசம்.

“அண்ணே, வாழைப்பழத் தோல்ல நிஜமா ஆள் வழுக்கி விழுமா? இல்ல, அது படக்காரன் கட்டினதா?”

ஹியூபர்ட் மருந்துக் கரண்டியை வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். துரை வீட்டிலிருந்து வரும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை வரி விடாமல் படிக்கிற மனுஷன். எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் பெரிய டவுன்களுக்குக் கப்பலில் வாழைப்பழம் வந்து குவிந்ததாம். மலிவு. நடந்துகொண்டே தின்று தோலைத் தெருவில் வீசுவார்களாம். தெருவே குப்பை மேடு. விழுந்து கால் ஒடிந்தவர்கள், இடுப்பு முறிந்தவர்கள், பிழைக்காமலே போனவர்கள் என்று பேப்பரில் வந்துகொண்டே இருந்ததாம். தோலைத் தெருவில் போட்டால் தண்டனை என்று சட்டம் போடும் அளவுக்கு அது போயிருக்கிறது. பிறகுதான் மேடைக் கோமாளிகள் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், அவர்களிடமிருந்து படக்காரர்கள்.

“நிஜமா விழுந்தவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். விழுந்த மாதிரி நடிச்சவன் கைதட்டு வாங்கினான். அவ்வளவுதான் கதை” என்றார்.

“ஆக, வழுக்கும்.”

“வழுக்கும். ஆனா சும்மா கிடந்தா வழுக்காது. மிதிபடணும். மேலே ஆள் பாரம் இறங்கி, உள்பக்கத்துச் சதை நசுங்கிக் கூழாகணும். அந்தக் கூழுதான் இழுத்துக்கிட்டுப் போகும்.”

கான்ஸ்டன்ஸ் துணியை இழுத்து மூடிவிட்டு ஆபீசுக்கு நடந்தாள். இன்ஸ்பெக்டரின் மேசையில் காகிதத்தின்மேல் தோல் இருந்தது. தொடாமல் பார்க்க விட்டார். நாலு கீற்றாக உரிந்து, பூ மலர்ந்த மாதிரி ஒழுங்காக விரிந்திருந்தது. மஞ்சள் பக்கத்தில் ஒரு பொட்டு மண் இல்லை. அடிப்பக்கத்தில் சதை வெளுப்பாக, நசுங்காமல் இருந்தது. பொம்மைப் படத்தில் அது அப்படித்தான் கிடந்தது. தெருவில் எறிந்த தோல் எங்கேயாவது அப்படி அழகாக உட்காருமா?

மணி 2.30.

மண்டோர் உடையப்பனை லயத்து வாசலில் பிடித்தாள். அவர் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தார்.

“மண்டோரே, கொட்டகையில பால் கொட்டிக் கிடந்துச்சா?”

“ஒரு சொட்டு இல்லம்மா.”

“அவ வாளி எங்க?”

“நிரையிலதான். மரத்தடியில கவுத்து வச்சது அப்படியே இருக்கு.”

மரம் வெட்டுகிறவர்களின் நாள் எப்படிப் போகும் என்பதைக் கான்ஸ்டன்ஸ் அறிவாள். வெட்டி முடித்ததும் பால் வடிந்து மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணம் நிறையும் வரை அரைமணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். மண்டோர் தண்டவாளத்தைத் தட்டிய பிறகுதான் வாளியோடு எழுவார்கள். பால் சேர்த்தவர்களுக்குத்தான் கொட்டகையில் வேலை. வேலம்மாவோ வெறுங்கையோடு, யாரும் கூப்பிடாத நேரத்தில், ஒரு பர்லாங் நடந்து அங்கே போயிருக்கிறாள். யாரையோ பார்க்கப் போயிருக்கிறாள்.

அந்த நேரத்தில் தான் பன்னிரண்டாம் நம்பர் மலையில், தோட்டத்தின் இன்னொரு பகுதியில், பத்துப் பேரோடு இருந்ததாக உடையப்பன் சொன்னார். அந்தப் பத்துப் பேரும் அதையே சொன்னார்கள். ஓடி வந்த பெண்கள் பிணத்துக்கு அழக்கூட இல்லை, தோலைப் பார்த்ததும் நாலடி தள்ளிப் போய் நின்றுவிட்டார்கள், தொட்டால் தங்கள் மேல் வந்துவிடுமே என்று பயம் என்றும் மண்டோர் சொன்னார்.

கடைசியாகக் கங்காவின் வீட்டுக்குப் போனாள். வேலம்மாவுக்குப் பக்கத்து நிரையில் மரம் வெட்டுகிற பெண். பதினேழு வயது. பெற்றோர் இல்லாமல் மாமன் வீட்டில் இருக்கிறவள். காலையிலிருந்து அழுது கண் வீங்கியிருந்தது.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா.”

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மோட்டார் சைக்கிள் சத்தம் எத்தனை வாட்டி கேட்டுச்சு?”

கங்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“மண்டோர் கத்தறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி. அப்புறம் ஒரு வாட்டி.”

கான்ஸ்டன்ஸ் அதற்குமேல் கேட்கவில்லை. பத்து நாளைக்கு முன்னால் கேட்டில் இதே பெண்ணைச் சோதிக்கும்போது, ரவிக்கைக் கைக்குக் கீழே விரல் விரலாகக் கன்றிப்போன காயத்தைப் பார்த்திருந்தாள். அரிசி இருக்கிறதா என்று பார்க்கத்தானே சம்பளம், காயத்தைக் கேட்கவா என்று அன்றைக்கு விட்டுவிட்டாள். வேலம்மா விடவில்லை போலிருக்கிறது. கான்ஸ்டன்ஸுக்குத் தன்மீதே ஆத்திரம் வந்தது.

மணி 3.40.

கேட்டில் வைத்திருந்த பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அன்று காலை வெளியே போனவர்கள் எழுபத்தொன்பது பேர். எழுபத்தேழு பேருக்குப் பக்கத்தில் சோதனைக் குறி இருந்தது. லோரி டிரைவர் செல்லனுக்கும் கிராணி பெர்னாட்டுக்கும் இல்லை. துரை முந்தின நாளே கோலாலம்பூர் போயிருந்தார். ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் நாலு பேரும் காலை முழுவதும் கேட்டை விட்டு நகரவில்லை. செல்லனின் லோரி பால் ஏற்றக் கேட்டைத் தாண்டியது 10.55-க்கு. அதற்குள் வேலம்மா செத்துக் கால்மணி நேரம் ஆகிவிட்டது.

கிராணி வீடு வேலிக்குள்ளேயே தனியாக மேட்டில் இருந்தது. அவர் மனைவி மவுரீன் லயத்துப் பக்கம் இறங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் மட்டும் கான்ஸ்டன்ஸோடு ஒரே பெஞ்சில் உட்காருவாள். யாரோ ஒரு பெண் கொட்டகையில் விழுந்துவிட்டதாம் என்ற அளவுக்கு மட்டும் அவளுக்குச் சேதி தெரிந்திருந்தது. வாசலில் கட்டியிருந்த ஆடு ஓயாமல் கத்தியது.

“ஏன் இப்படிக் கத்துது?” என்றாள் கான்ஸ்டன்ஸ்.

மவுரீன் சிரித்தாள். கணவருக்குத் தினமும் பத்து மணிக்கென்று டிபன் டப்பாவில் ஒரு பழம் வைத்து அனுப்புவாளாம். டிரெஸர் சொன்ன பத்தியம். தோலை எறிய வேண்டாம், ஆட்டுக்கு ஆகும் என்று சொல்லி வைத்திருப்பதால் டப்பாவிலேயே திரும்பி வருமாம்.

“இன்னைக்கு டப்பா காலியா வந்துச்சு. மறந்துட்டாராம். இதுக்கு எங்க தெரியுது?”

கான்ஸ்டன்ஸ் ஆட்டின் தலையைத் தடவிக்கொடுத்தாள். இந்தப் பெண்ணின் முகத்தை இனி எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்க முடியாது என்று தோன்றியது. ஆனாலும் மேட்டை விட்டு இறங்கி நேரே ஆபீசுக்குப் போனாள்.

மணி 4.30.

ஆபீஸ் அறையில் இன்ஸ்பெக்டர், கிராணி, மண்டோர், டிரெஸர் எல்லோரும் இருந்தார்கள். கங்காவும் வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். வெளியே லோரி தயாராக நின்றது.

கான்ஸ்டன்ஸ் சுற்றி வளைக்கவில்லை. பிணத்தின் குதிகாலில் செம்மண் கலையாமல் இருப்பதைச் சொன்னாள். ஈர மண்ணோடு வந்தவள் மிதித்திருந்தால் தோலின்மேல் மண் இருக்க வேண்டும், அடியில் சதை நசுங்கியிருக்க வேண்டும், இரண்டும் இல்லை என்றாள். டிரெஸர் தலையை ஆட்டினார். வேலம்மா பால் கொண்டு வரவில்லை, யாரையோ பார்க்க வந்தாள், விழுந்து செத்த பிறகுதான் தோல் அவள் காலுக்குக் கீழே வந்தது என்றாள்.

“காட்டுக்காரன் வச்சிருந்தா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பட்டினி கிடக்கறவன் தோலையும் சேர்த்துத் தின்னுட்டுப் போவான் ஐயா. பூ மாதிரி விரிச்சு வைக்க மாட்டான்.”

“இருசப்பன் ஆம்பளைங்கள்ல ஒருத்தனைச் சரியாச் சோதிக்காம விட்டிருந்தா?”

“அப்படி ஒருத்தன் கொண்டு போயிருந்தாலும் அவன் பொணத்துக்கிட்ட பழத்தோலைப் போட மாட்டான். அதைத்தான் ஐயா நாம எல்லாரும் பார்க்காம விட்டுட்டோம்.”

அவள் சொன்னது இதுதான். இந்தத் தோட்டத்தில் மரம் வெட்டுகிற யாரும் கேட்டுக்கு வெளியே ஒரு வாழைப்பழத் தோலைச் சாதாரணமாகப் பார்க்க மாட்டார்கள். அது பாம்பு கிடக்கிற மாதிரி. காலையில் பெண்கள் நாலடி தள்ளி நின்றார்கள். மண்டோர் நடுங்கினார். சிரிக்கப் போன இன்ஸ்பெக்டர்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டுத்தான் கேள்வி கேட்டார். சாவை விபத்தாகக் காட்ட நினைக்கும் எந்தத் தொழிலாளியும் அந்தத் தோலைத் தொடமாட்டான். தொட்டால் விபத்து குற்றமாகிவிடும் என்று அவனுக்குத் தெரியும். வயிற்றால் தெரியும்.

“அது தோணாத ஆள் ஒருத்தர்தான் ஐயா. அவரை எங்க கேட்டுல யாரும் தடவிப் பார்த்ததே இல்ல. தினம் பழம் கொண்டு போறாரு, தினம் திங்கறாரு. அதனால அவருக்கு அது வெறும் பழம். தோலைப் பார்த்ததும் படம்தான் ஞாபகம் வந்துச்சு. கிராணி ஐயா, உங்களைத்தான் சொல்றேன்.”

பெர்னாட் நாற்காலியிலிருந்து எழுந்தார். கேட்டில் நிற்கிற பொம்பளைக்கு இவ்வளவு வாயா என்றார். கான்ஸ்டன்ஸ் டிபன் டப்பாவைப் பற்றியும் ஆட்டைப் பற்றியும் சொன்னாள். அவர் உட்கார்ந்தார். சற்று யோசித்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்.

“சரி, பழம் சாப்பிட்டேன். தோலை அந்தக் கொட்டகையில போட்டிருப்பேன். அவ வந்து விழுந்தா அதுக்கு நான் என்ன பண்றது?”

இன்ஸ்பெக்டர் மேசையிலிருந்த ஒரு தாளை எடுத்தார்.

“எப்போ போட்டீங்க?”

பெர்னாட் சட்டைக் காலரைத் தளர்த்தினார்.

“காலையிலிருந்து பத்தாம் நம்பர் மலையில இருந்ததாவும், கொட்டகைக்கு முதல்ல வந்ததே பத்து அம்பதுக்குத்தான்னும் உங்க கையால எழுதிக் குடுத்திருக்கீங்க. மண்டோர் பார்த்தது பத்து நாப்பது. அப்பவே தோல் அவ கால்ல இருந்துச்சு. எப்போ போட்டீங்க?”

பெர்னாட் கைக்குட்டையை எடுத்தார். அப்போது வாசற்படியிலிருந்து கங்கா பேசினாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் கிராணி தன்னை ஒதுக்குப்புறமான நிரைக்கு மாற்றியதையும், கையைப் பிடித்து இழுத்ததையும், வேறு நிரை கேட்டால் வேலையே இல்லை என்றதையும் தலை குனிந்தபடி சொன்னாள். வேலம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தாளாம். நான் கேட்கிறேன், துரையிடமும் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவள் அன்று கொட்டகைக்குப் போனாள். சத்தமான பேச்சு கேட்டதாம், பிறகு ஒன்றும் கேட்கவில்லையாம், பிறகு மோட்டார் சைக்கிள் போனதாம்.

“தள்ளிவிட்டேன். அவ்வளவுதான்” என்றார் பெர்னாட். “சாகணும்னு தள்ளல.”

கான்ஸ்டன்ஸ் அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

“தள்ளினது ஒரு நொடி. தோலை எடுத்து, விரிச்சு, அவ காலைத் தூக்கி அடியில வச்சீங்களே, அதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு? அப்போ அவளுக்கு மூச்சு இருந்துச்சா இல்லையான்னு குனிஞ்சு பார்த்தீங்களா?”

அவர் தரையைப் பார்த்தார். அப்போது அவர் குனிந்து பார்க்கவில்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. அதுமட்டுமா? விபத்து கடத்தலாகி, கடத்தலுக்காக ஒரு மனுஷன் கையில் விலங்கு ஏறி, அவனுடைய நாலு வயதுக் குழந்தைக்குக் கப்பல் வரை பேச்சு போனபோதும் இவர் வாயைத் திறக்கவில்லை. நடுப்பகலில் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுவிட்டு வந்திருக்கிறார்.

மணி 5.00.

லோரியில் பெர்னாட் ஏறினார். பக்கத்து அறையைத் திறந்து நல்லசாமியின் விலங்கைக் கழற்றினார்கள். மதியம் முழுவதும் பலகைச் சுவர் வழியாக வந்த சிரிப்பை அவன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதை இன்ஸ்பெக்டர் இப்போதுதான் யோசித்திருக்க வேண்டும். அவர் நாற்காலியை நகர்த்தி அவனை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. தான் எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினார்: வேலம்மாவிடம் உணவுப் பொருள் எதுவும் இல்லை. அவள் வழுக்கி விழவில்லை. வேறு ஒரு பெண்ணுக்காக நியாயம் கேட்கப் போன இடத்தில் தள்ளப்பட்டு இறந்தாள்.

நல்லசாமி இன்னொரு முறை படிக்கச் சொன்னான். படித்தார்.

“இது எனக்குத் தெரியும் ஐயா. அவ அப்படிப்பட்டவதான்” என்றான். “வெளிய நின்னு சத்தமாப் படிங்க. சிரிச்சவங்க எல்லாரும் அங்கதான் நிக்கறாங்க.”

இன்ஸ்பெக்டர் ஒரு கணம் தயங்கினார். போலீஸ் அறிக்கையை வாசலில் நின்று படிக்கிற வழக்கம் இல்லை. கான்ஸ்டன்ஸ் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள். அவர் படியில் போய் நின்று, தாளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, திடல் முழுவதும் கேட்கும்படி படித்தார். முடித்ததும் இருசப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். கங்கா நல்லசாமியின் மகளைத் தூக்கி வந்து அவனிடம் கொடுத்தாள்.

அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தான். வேலம்மா இன்னும் அங்கேதான் இருந்தாள்.